வீடு யார் பேர்ல இருந்தா என்ன? குடும்ப வன்முறைச் சட்டம் நிஜமா என்ன தருது

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்ன இடங்களையும் எடுத்துவிட்டு, படிக்க வசதியாகத் துணைத் தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்வியைச் சுத்தித்தான் போகப் போகுது.

"வீடு என் மாமனார் பேர்ல இருக்கு. 'எங்க வீட்டை விட்டு வெளிய போ'ன்னு சொல்றாங்க. போய்த்தானே ஆகணும்?"

இந்தக் கேள்வியில அடி, உதை பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல, கவனிச்சீங்களா? ஆனா அதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அடி வாங்கின ஒரு பெண் ஏன் அங்கேயே இருக்காங்கன்னு ஊர்ல எல்லாரும் கேட்பாங்க. அவங்க கேட்கிற கேள்வி வேற: இன்னைக்கு ராத்திரி குழந்தையைக் கூட்டிக்கிட்டு எங்க போறது?

முதல்ல பதிலைச் சொல்லிடறேன். போக வேண்டியதில்லை. அந்த வீடு உங்க பேர்ல இல்லைன்னாலும், கணவர் பேர்லயே இல்லைன்னாலும், சட்டப்படியான நடைமுறை இல்லாம உங்களை அங்கிருந்து வெளியே அனுப்ப முடியாது. சில நேரத்துல வெளிய போக வேண்டியது அடிக்கிறவர்தான்னு கோர்ட்டே உத்தரவு போடலாம். இதைத் தர்றது 2005-ஆம் வருஷத்துச் சட்டம். முழுப் பெயர், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26-ல நடைமுறைக்கு வந்துச்சு. மொத்தமே 37 பிரிவுதான்.

நான் வக்கீல் இல்ல, கோடு எழுதற ஆள். டாக்குமென்டேஷன் படிக்கிற மாதிரி இந்தச் சட்டத்தைப் பிரிவு பிரிவா படிச்சுட்டு வந்திருக்கேன். உங்க வழக்குக்கு என்ன செய்யணும்னு ஒரு வக்கீல்தான் சொல்லணும். அந்த வக்கீல் இலவசமா எப்படிக் கிடைப்பாங்கன்னு பின்னாடி சொல்றேன்.

ஜெயிலுக்கு அனுப்பற சட்டம் இது இல்ல

ரெண்டு சட்டத்தைப் பலரும் குழப்பிக்கிறாங்க. 498ஏ கேள்விப்பட்டிருப்பீங்க. 1983-ல இந்திய தண்டனைச் சட்டத்துல சேர்த்தது. கணவரோ அவர் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அதே விஷயம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளில் இருக்கிறது. அது குற்றவியல் சட்டம். போலீஸ், எஃப்.ஐ.ஆர்., விசாரணை, தண்டனைன்னு போகும். நடந்து முடிஞ்சதுக்குத் தண்டனை கொடுக்கிறது அதோட வேலை.

2005 சட்டம் கேட்கிற கேள்வி வேற. நாளைக்கு இந்தப் பெண் எங்கே தூங்குவாங்க, எதைச் சாப்பிடுவாங்க, குழந்தை யார்கிட்ட இருக்கும்? அதனால இதுல மனு போட்ட உடனே யாரையும் கைது பண்ண மாட்டாங்க. மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் மனு போடணும், ஆனா கிடைக்கிறது சிவில் நிவாரணம்: பாதுகாப்பு, வீடு, பணம், குழந்தை. கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம் ஆகும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? "அவர் ஜெயிலுக்குப் போகணும்னு நான் நினைக்கல, அடிக்கிறது நின்னா போதும்"னு நினைக்கிற பெண்கள் நிறைய. ஜெயில் வேண்டாம், விவாகரத்தும் வேண்டாம். 2005-க்கு முன்னாடி அவங்களுக்குன்னு உருப்படியான வழி எதுவும் இல்ல. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கும் அவருடைய லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பும் இந்தச் சட்டத்தின் வரைவுக்குப் பல வருஷம் உழைத்ததற்குக் காரணமும் இந்த இடைவெளிதான். விவாகரத்து கேட்காமலேயே இந்தச் சட்டத்தில் மனு போடலாம். எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் போடலாம்.

எதெல்லாம் வன்முறை?

மூன்றாவது பிரிவு நாலு வகை சொல்லுது: உடல் ரீதியானது, பாலியல் ரீதியானது, வார்த்தையாலும் மனதாலும் நடக்கிறது, பொருளாதார ரீதியானது.

முதல் ரெண்டுக்கும் விளக்கம் வேண்டியதில்ல. மூன்றாவதுல, குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லைன்னு குத்திக் காட்டறதைச் சட்டமே பெயர் சொல்லி எழுதி வச்சிருக்கு. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க முன்னாடி "இவ ராசி, மூணும் பொண்ணு"ன்னு சொல்றது வெறும் வாய்ப்பேச்சு இல்ல. சட்டத்தின் கணக்கில் அது வன்முறை.

நாலாவதுதான் நம்ம ஆளுங்களுக்குப் புதுசா இருக்கும். வீட்டுச் செலவுக்குப் பணம் தராம இருக்கிறது. வாடகை கட்டாம விடறது. சீர் வந்த நகையை அடகு வைக்கிறது, விக்கிறது. அவங்க உபயோகிச்சுக்கிட்டு இருந்த வசதிகளைத் தடுக்கிறது. மனைவியோட சம்பளம் வர்ற ஏ.டி.எம். கார்டைக் கணவர் வச்சுக்கிட்டு, பஸ்ஸுக்கு எண்ணி இருபது ரூபாய் கொடுக்கிற வீடுகள் ஐ.டி. கம்பெனிக்காரங்க மத்தியிலயும் இருக்கு. கையில காயம் இருக்காது. ஆனா கதவைத் திறந்து வெளிய போக ஆட்டோ காசுகூட இருக்காது.

யார் கேட்கலாம், யார் மேல கேட்கலாம்?

மனைவி மட்டும் இல்ல. ஒரே வீட்டில் வாழ்கிற, அல்லது முன்னாடி வாழ்ந்த, ரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தாலோ கூட்டுக் குடும்பமாகவோ இணைந்த எந்தப் பெண்ணும் கேட்கலாம். அம்மா மகன் மேல போடலாம். தங்கச்சி அண்ணன் மேல போடலாம். கணவர் இறந்த பிறகு மாமியார் வீட்டில் தனியா நிக்கிற மருமகள் போடலாம்.

கல்யாணம் ஆகாம சேர்ந்து வாழ்றவங்க? "திருமணம் போன்ற உறவு"ன்னு சட்டத்துல ஒரு சொல் இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்னு சுப்ரீம் கோர்ட் 2010-ல விளக்கினது கோயம்புத்தூர்ல இருந்து போன ஒரு வழக்கில்தான். ஊருக்கு முன்னாடி தம்பதி மாதிரி வாழ்ந்திருக்கணும், ரெண்டு பேரும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கத் தகுதி உள்ளவங்களா இருக்கணும், கணிசமான காலம் விருப்பத்தோட ஒரே வீட்டில் சேர்ந்து இருந்திருக்கணும். வார இறுதி உறவெல்லாம் இதில் வராதுன்னும் அந்தத் தீர்ப்பு சொல்லுது.

யார் மேல கேட்கலாம்? சட்டம் எழுதினப்போ "வயது வந்த ஆண்" மேலதான்னு இருந்துச்சு. மனைவி என்றால் கணவரின் உறவினர் மேலயும் போடலாம்னு ஒரு விதிவிலக்கு. 2016-ல சுப்ரீம் கோர்ட் "வயது வந்த ஆண்" என்கிற அந்தச் சொற்களையே நீக்கிடுச்சு. இப்போ கொடுமை பண்றவர் பெண்ணாக இருந்தாலும் எதிர்மனுதாரர் ஆக்கலாம். ஆனா மனு போடறவர் பெண்ணாகத்தான் இருக்கணும்.

வீடு: பதினாலு வருஷச் சண்டை

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். 17-ஆவது பிரிவு சொல்றது இதுதான்: "பகிர்ந்து வாழும் வீட்டில்" அந்தப் பெண்ணுக்கு வசிக்கும் உரிமை உண்டு, அந்த வீட்டில் அவருக்குச் சொத்துரிமை இருக்கோ இல்லையோ.

படிக்கும்போது தெளிவா இருக்குல்ல? ஆனா சட்டம் நடைமுறைக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. 2006 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டோட ரெண்டு நீதிபதி அமர்வு ஒரு தீர்ப்பு சொல்லுச்சு: பகிர்ந்து வாழும் வீடுன்னா அது கணவருக்குச் சொந்தமானது, அவர் வாடகைக்கு எடுத்தது, இல்லைன்னா அவர் உறுப்பினரா இருக்கிற கூட்டுக் குடும்பத்துச் சொத்து. மாமியார் பேர்ல இருக்கிற வீடு அதில் வராது.

நம்ம ஊர்ல புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குச் சொந்த வீடு எங்க இருக்கு? அப்பா கட்டின வீட்டு மாடியிலதான் இருப்பாங்க. அந்த ஒரு தீர்ப்பால, கோர்ட்ல "வீடு எங்க அம்மா பேர்ல இருக்கு" என்கிற ஒரு வரி போதும்னு ஆச்சு. மகனை வீட்டை விட்டு அனுப்பிட்டதா சொல்லி, பின்னாடியே மருமகளையும் அனுப்பலாம். பதினாலு வருஷம் இதுதான் நிலைமை.

2020 அக்டோபர் 15-ல மூன்று நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பைச் செல்லாது என்றது. வீடு கணவரின் எந்த உறவினருக்குச் சொந்தமாக இருந்தாலும், அந்தப் பெண் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழும் வீடுதான். அதுக்காக மும்பையில இருக்கிற சித்தி வீட்ல லீவுக்கு ஒரு வாரம் தங்கினதெல்லாம் கணக்கில் வராது. ஓரளவு நிலையா வாழ்ற எண்ணத்தோட இருந்திருக்கணும்.

அதே வருஷம் டிசம்பர்ல இன்னொரு ஓட்டையும் அடைபட்டுச்சு. பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கலைன்னா வீட்டை விட்டு அனுப்ப, 2007-ல வந்த மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கு. அதுல விசாரணை சுருக்கமா முடிஞ்சிடும். மருமகளை வெளிய அனுப்ப அந்தச் சட்டத்தைக் குறுக்கு வழியாக உபயோகிக்க முடியாது, ரெண்டு சட்டத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 2022 மே மாசம் இன்னும் ஒரு படி. வன்முறை நடந்த சமயத்தில் அந்த வீட்டில் நேரடியாக வசிக்காமல் இருந்தாலும் வசிக்கும் உரிமை இருக்கும்னு தீர்ப்பு வந்துச்சு. கணவரை இழந்த ஒரு பெண்ணின் வழக்கு அது.

சரி, உரிமை இருக்கு. அடிக்கிறவரும் அதே வீட்டில் இருந்தா அந்த உரிமையை வச்சு என்ன பண்றது? அதுக்குத்தான் 19-ஆவது பிரிவு. அதில் மாஜிஸ்திரேட் என்னென்ன உத்தரவு போடலாம்னு பாருங்க. அந்தப் பெண்ணை வெளியேற்றக் கூடாது. வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அவர் இருக்கிற பகுதிக்குள் எதிர்த்தரப்பு நுழையக் கூடாது. எதிர்த்தரப்பே வீட்டை விட்டு வெளியேற வேண்டும். இது எதுவும் சரிவரலைன்னா, அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரணும், இல்லைன்னா வாடகை கொடுக்கணும். ஒரு விஷயம்: "வெளியேறு" என்கிற உத்தரவை ஒரு பெண்ணுக்கு எதிராகப் போட முடியாது. மாமியாரை வெளிய அனுப்ப இந்தப் பிரிவு உதவாது.

கணவரை வெளியே அனுப்பறது ஏட்டுல மட்டும் இருக்கிற விஷயமும் இல்ல. 2022 ஆகஸ்ட்ல மெட்ராஸ் ஹைகோர்ட் அப்படி ஓர் உத்தரவு போட்டுச்சு. விவாகரத்து வழக்கு நடந்துக்கிட்டு இருக்கு, ரெண்டு பேரும் ஒரே வீட்டில். கீழ் கோர்ட், மனைவியின் நிம்மதியைக் கெடுக்காம இருக்கணும்னு மட்டும் கணவருக்குச் சொல்லியிருந்துச்சு. வீட்டில் அமைதி வர அவர் வெளியேறுவதுதான் ஒரே வழின்னா, அந்த உத்தரவைப் போடக் கோர்ட் தயங்கக் கூடாதுன்னு நீதிபதி ஆர்.என். மஞ்சுளா சொன்னார்.

எல்லையையும் சொல்லணும். இது வசிக்கும் உரிமை, சொத்துரிமை இல்ல. வீடு உங்களுடையதாகிடாது. வயசான மாமனார், மாமியாரின் நிம்மதியையும் கோர்ட் பார்க்கும், வேற வீடு கொடுக்கச் சொல்லி முடிக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா பூட்டை மாத்தி, துணிமணியைத் தெருவில் வைக்கிற வேலை நடக்காது. "சட்டப்படியான நடைமுறை" என்கிற ரெண்டே வார்த்தைக்குள்ள ஒரு பெண்ணோட இன்னைக்கு ராத்திரி இருக்கு.

வீடு தவிர என்ன கிடைக்கும்?

18-ஆவது பிரிவில் பாதுகாப்பு உத்தரவு. வேலை செய்யும் இடத்துக்கோ குழந்தையின் பள்ளிக்கோ வரக் கூடாது. போன், மெசேஜ் எதிலும் தொடர்பு கொள்ளக் கூடாது. ஜாயின்ட் அக்கவுண்ட், லாக்கரைத் தொடக் கூடாது.

20-ஆவது பிரிவில் பணம். மருத்துவச் செலவு, இழந்த வருமானம், உடைச்ச பொருளுக்கான நஷ்டம், தனக்கும் குழந்தைக்குமான பராமரிப்புத் தொகை. இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. அவர் கொடுக்காம இழுத்தடித்தால், அவர் வேலை பார்க்கும் நிறுவனமே சம்பளத்தில் பிடித்து நேரடியாகக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். 21-இல் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, 22-இல் மன உளைச்சலுக்கு இழப்பீடு. நகை, சீர்ப் பொருள்களைத் திருப்பித் தரச் சொல்லவும் 19-லேயே இடம் உண்டு.

எங்கே தொடங்கணும்?

ஆபத்து இப்போ இந்த நிமிஷம்னா 112. ஆலோசனை, தங்குமிடம், அடுத்து என்ன என்பதுக்கு 181, பெண்கள் உதவி எண். வக்கீலுக்கு 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண். 1987-ஆம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஐம்பதாயிரம் சம்பளம் வாங்கினாலும் உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும்.

இந்தச் சட்டத்துக்குன்னே இருக்கிறவர் பாதுகாப்பு அலுவலர். தமிழ்நாட்டில் இவர் சமூக நலத் துறையின் கீழ் வருவார், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்க. நடந்ததை ஒரு படிவத்தில் பதிவு பண்ணி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது, மருத்துவ உதவி, தங்குமிடம் ஏற்பாடு செய்வது, மனு எழுத உதவுவது எல்லாம் அவர் கடமை. அவர் சீட்ல இல்லைன்னா? நேரடியா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 12-ஆவது பிரிவில் மனு போடலாம். பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லைன்னு அதே 2022 மே தீர்ப்பு சொல்லியிருக்கு.

எந்த ஊர் கோர்ட்? 27-ஆவது பிரிவு ரொம்ப தாராளம். நீங்க தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம். பெங்களூர்ல வாழ்ந்தீங்க, மதுரைக்கு அம்மா வீட்டுக்கு வந்துட்டீங்கன்னா மதுரையிலயே போடலாம்.

முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளைக்குள் வைக்கணும். 60 நாளில் முடிக்க முயற்சி பண்ணணும். அவசரம்னா 23-ஆவது பிரிவில், உங்க பிரமாணப் பத்திரத்தை மட்டும் பார்த்து, எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம். மனுவோடு சேர்த்து இதையும் கேட்கச் சொல்லி உங்க வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க.

"நடந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே, இனிமே போட முடியுமா?" முடியும். மெட்ராஸ் ஹைகோர்ட்டில் இருந்து போன ஒரு வழக்கில், 12-ஆவது பிரிவு மனுவுக்கு ஒரு வருஷக் காலக்கெடு பொருந்தாதுன்னு 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்திடுச்சு.

போன்: இது எனக்குத் தெரிஞ்ச ஏரியா

இந்தப் பகுதி சட்டப் புத்தகத்துல இல்ல. உங்க போனை அவர் பார்க்கிறார்னா, 181-க்குப் பேசினதும் கால் ஹிஸ்டரியில் நிக்கும். அதனால முதல் அழைப்பை நம்பிக்கையான வேற ஒருத்தர் போன்ல இருந்து பண்ணுங்க.

வாட்ஸ்அப்ல "லிங்க்டு டிவைசஸ்" போய் பாருங்க, உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இணைஞ்சிருக்கான்னு. கூகுள் அக்கவுண்டை போன் வாங்கின அன்னைக்கு அவர்தான் போட்டுக் கொடுத்தாரா? அப்போ போட்டோ, லொகேஷன், சேமிச்ச பாஸ்வேர்டு எல்லாம் அவருக்கும் தெரியும்னு வச்சுக்கோங்க. மேப்ஸ்ல லொகேஷன் ஷேரிங் ஆன்ல இருக்கான்னும் பாருங்க. ஆனா பார்த்த உடனே எல்லாத்தையும் அணைச்சிடாதீங்க. திடீர்னு அணைஞ்சா அவருக்குச் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகமே ஆபத்து. அவருக்குத் தெரியாத புது மெயில் ஒண்ணு வேற போன்ல தொடங்கி, அங்கிருந்து வேலையைப் பாருங்க. எப்போ, எதை அணைக்கிறதுன்னு வெளிய வர்ற திட்டத்தோட சேர்த்து முடிவு பண்ணுங்க.

ஆதாரம் சேர்க்கும்போது ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி ஒட்டாதீங்க, மெசேஜை அழிக்காதீங்க. தேதியும் நம்பரும் தெரியணும், மூலம் இருக்கிற போனும் பத்திரமா இருக்கணும். காயம்பட்டா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படிப் பட்டதுன்னு மறைக்காம சொல்லிச் சீட்டு வாங்குங்க. போலீஸ்ல மனு கொடுத்தா சி.எஸ்.ஆர். ரசீது இல்லாம வராதீங்க. ஆதார், கல்விச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை அம்மா வீட்டிலோ தோழி வீட்டிலோ வச்சிடுங்க.

இது எதுவுமே உங்ககிட்ட இல்லையா? அப்பவும் மனு போடலாம். நாலு சுவருக்குள்ள நடக்கிறதுக்குச் சாட்சி இருக்காதுன்னு சட்டத்துக்கும் தெரியும். உத்தரவை மீறின வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே முடிவுக்கு வரலாம்னு 32-ஆவது பிரிவு சொல்லுது.

உத்தரவை மீறினா?

பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். உத்தரவின் நகலை இலவசமாகக் கொடுக்கணும். ஒன்று உங்க கையில், ஒன்று உங்க ஏரியா காவல் நிலையத்தில் இருக்கட்டும். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும்போது, "புருஷன் பொண்டாட்டி சண்டை"ன்னு சொல்ற ஏட்டய்யாகிட்ட காட்ட அந்த ஒரு தாள் வேணும்.

"தப்பா உபயோகிக்கிறாங்களே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும்னு தெரியும். முன்னாடி சொன்னதை ஞாபகம் வச்சுக்கோங்க: மனு போட்டதும் கைது இல்ல. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், அவர் பதில் சொல்லலாம். சூழ்நிலை மாறினா உத்தரவை மாத்தவோ ரத்து பண்ணவோ 25-ஆவது பிரிவில் கேட்கலாம். 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போகலாம். பொய் மனு போடறவங்க இருக்கலாம், எந்தச் சட்டத்துலதான் இல்ல? அதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் கோர்ட் இருக்கு.

எண்ணிக்கையைப் பார்த்தா கவலை வேற பக்கம் இருக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்காங்க. வன்முறையைச் சந்தித்தவர்களில் உதவி கேட்டவங்க 14 சதவீதம்தான். கேட்டவங்களும் பெரும்பாலும் கேட்டது சொந்தக் குடும்பத்துகிட்ட.

சட்டம் எங்கே தடுக்கி விழுது?

மூன்று நாள், 60 நாள் என்பது எழுத்து. நடைமுறையில் வாய்தா மேல வாய்தா. நோட்டீஸை வாங்காம ஓடறது, வருமானத்தைக் குறைச்சுக் காட்டறது எல்லாம் நடக்கும். வருமானத்தை மறைக்கிறதுக்காகத்தான், ரெண்டு தரப்பும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யணும், பராமரிப்புத் தொகையை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடணும்னு 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு.

அடுத்து, ஆள் பற்றாக்குறை. வேற ஏதோ பொறுப்பில் இருக்கிற அதிகாரிக்கே பாதுகாப்பு அலுவலர் வேலையையும் சேர்த்துக் கொடுத்துடறது பல மாநிலங்களில் வழக்கம். சட்டம் வந்து 18 வருஷத்துக்கு மேல ஆன பிறகு, 2025 மே மாசம், இன்னும் நியமிக்காத இடங்களில் மாவட்டம், தாலுகா அளவில் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் நியமிக்கும்படி சுப்ரீம் கோர்ட் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

மூன்றாவது, சமாதானம். நம்ம ஊர்ல மகளிர் காவல் நிலையம் 1992-லேயே வந்துடுச்சு. அங்கே போனாலும் பல நேரம் முதல்ல நடக்கிறது பஞ்சாயத்துதான். "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." கவுன்சிலிங் தப்பில்ல, 14-ஆவது பிரிவே அதுக்கு இடம் கொடுக்குது. ஆனா 2006-ஆம் வருஷத்து விதிகள்ல ஒரு நிபந்தனை இருக்கு: வன்முறைக்கு எந்த நியாயமும் சொல்ல கவுன்சிலிங்கில் இடம் கிடையாது. "அவ எதிர்த்துப் பேசினா, அதான் அடிச்சேன்" என்கிற வாக்கியத்தை அந்த ரூமுக்குள் அனுமதிக்கவே கூடாது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு போனா, "நீ என்னம்மா பண்ணின?"னு கேட்கும்போது உங்களால பதில் சொல்ல முடியும்.

கேட்டுக்கிட்டு இருக்கிற மத்தவங்களுக்கு

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும், டி.வி. வால்யூமைக் கூட்டி வைப்போம். "அடுத்த வீட்டு விஷயத்துல தலையிட்டா நாளைக்கு நம்ம மேல கேஸ் வரும்." வராது. நாலாவது பிரிவின்படி, வன்முறை நடக்குதுன்னு நம்பக் காரணம் இருக்கிற யார் வேணும்னாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோட கொடுத்த தகவலுக்காக உங்க மேல சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது.

தகவல் சொல்றதுக்கு முன்னாடி, முடிஞ்சா அந்தப் பெண்கிட்ட தனியா ஒரு வார்த்தை கேளுங்க. எது எப்போ ஆபத்துன்னு அவங்களுக்குத்தான் தெரியும். இன்னைக்கே உதவி வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க. அப்போ அவங்க சர்டிபிகேட் நகலை உங்க பீரோவில் வச்சுக் கொடுங்க. உங்க போன்ல இருந்து 181-க்குப் பேசட்டும். "வீடு அவங்க பேர்ல இருந்தாலும் நீ போக வேண்டியதில்ல"ன்னு ஒரு தடவை சொல்லி வைங்க. அம்மா வீட்டுக்காரங்களும், "அவர் வீடு, அவர் இஷ்டம்"னு சொல்றதை இத்தோட நிறுத்திக்கலாம்.

நம்பர்களை இன்னொரு தடவை சொல்றேன். அவசரத்துக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. இலவச வக்கீலுக்கு 15100. எழுதி வைக்கிறதா இருந்தா, அவர் கண்ணுல படாத இடத்துல எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.